திருவாதிரைக்கு ஏன் ஆறு பெயர்? எந்தப் பட்டியலை நம்புவது?

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். கைப்பேசிச் செயலியில் திருவாதிரையைத் தொட்டால் ஆல்ஃபா ஓரியானிஸ், 58 ஓரியானிஸ், எச்.ஆர். 2061, எச்.டி. 39801, எஸ்.ஏ.ஓ. 113271, எச்.ஐ.பி. 27989 என்று வரிசையாக வருகிறது. தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 430 ஒளியாண்டு, இன்னோரிடத்தில் 500, வேறு இடங்களில் 550, 720. இந்தப் பட்டியல்களில் எதுதான் சரி, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரே பட்டியலாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பெயர் ஏன் பல என்பது ஒன்று, தூரம் ஏன் பல என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதில் பாதிக்கு மட்டுமே உண்டு, மீதியைப் பற்றி வானியலாளர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு நடக்கிறது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாறும் நட்சத்திரங்களின், அதாவது பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரங்களின், ஒளியை அளந்து வருகிறேன். பட்டியல்களை அன்றாடம் பயன்படுத்துகிறவனே தவிர, தயாரிக்கிறவன் அல்ல. நட்சத்திரத்தின் இடத்தைத் துல்லியமாக அளப்பது தனித் துறை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை ஒரு பயனாளியின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ரேஷன் கார்டு இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், பான் கார்டு இருக்கும். மூன்றிலும் மூன்று எண்கள். இதில் எது சரியான எண் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் ரேஷன் கார்டைப் பார்ப்போம், பான் கார்டைப் பார்க்க மாட்டோம். நட்சத்திரப் பட்டியல்களும் அப்படித்தான். யாரோ ஒருவருக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது, அதற்காக வானத்தை எண்ணி எழுதிவைத்தார். அவர் எதை அளக்கப் புறப்பட்டாரோ அதைப் பற்றி அந்தப் பட்டியல் சொல்வதை நம்பலாம். போகிற போக்கில் எழுதிவைத்த மற்ற தகவல்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பல ஆண்டு வேலையில் நான் கற்ற பாடங்களில் என்னை அதிகம் காப்பாற்றியது இதுதான், அதனால் பதில் முழுவதையும் இதை வைத்தே சொல்கிறேன்.

திருவாதிரையின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஆல்ஃபா ஓரியானிஸ் என்ற பெயரை வைத்தவர் யோஹான் பேயர், ஜெர்மனியில் வழக்கறிஞர். 1603-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் வெளியிட்ட வான வரைபடத்தில் ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்திலும் பளிச்சென்று தெரிபவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளை இட்டார். படத்தைப் பார்த்து வானத்தில் அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒளியை அளந்து வரிசைப்படுத்தவில்லை. ஓரியனில் பெரும்பாலான நாட்களில் பீட்டாவான ரைஜல்தான் ஆல்ஃபாவான திருவாதிரையைவிடப் பிரகாசம். மிதுனத்தில் பீட்டாவான போலக்ஸ் ஆல்ஃபாவான காஸ்டரைவிடப் பிரகாசம். ஆல்ஃபா என்றாலே கூட்டத்தில் முதலிடம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய பேர். அந்த எழுத்து அவ்வளவு தூரம் தாங்காது.

58 என்ற எண் கிரீனிச்சின் முதல் அரச வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீடின் பட்டியலை ஒட்டி வந்தது. அவர் இறந்த பிறகு 1725-இல் அது முழுமையாக வெளியானது. கூட்டத்துக்குள் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் வரிசை எண்கள் இவை. அவரது நோக்கம் மாலுமிகளுக்கானது. கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிட, நிலவுக்குப் பின்னணியாக இருக்கும் நட்சத்திரங்களின் இடம் சரியாகத் தெரிய வேண்டும். கிரீனிச் வானாய்வகம் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். இந்தப் பட்டியலில் 34 டாரி என்று ஒரு நட்சத்திரம் உண்டு. இன்று அந்த இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பினால் அப்படியொரு நட்சத்திரம் இல்லை. 1690-இல் ஃபிளாம்ஸ்டீட் பார்த்துக் குறித்துவைத்தது யுரேனஸ் கோளை. அதை நட்சத்திரம் என்று எண்ணி எண் கொடுத்துவிட்டார்கள். வில்லியம் ஹெர்ஷெல் அது நட்சத்திரமல்ல என்று கண்டது 1781-இல். தொண்ணூறு ஆண்டுகள் ஒரு கோள் நட்சத்திரப் பட்டியலுக்குள் உட்கார்ந்திருந்தது. பிற்காலத்தில் யுரேனஸின் பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு அந்தப் பழைய பதிவு பெரிதும் உதவியது. பட்டியலில் இருக்கும் பிழைக்கும் மதிப்பு உண்டு, அளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தால்.

எச்.ஆர். எண் ஹார்வர்டு வானாய்வகம் 1908-இல் வெளியிட்ட ஒளி அளவுப் பட்டியலிலிருந்து வருகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடியவை, அதாவது பொலிவெண் (பிரகாசத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) ஏறக்குறைய 6.5 வரை உள்ளவை, மொத்தம் 9,110. இதை அடிப்படையாக வைத்து யேல் வானாய்வகம் பின்னால் வளர்த்தெடுத்ததுதான் பிரகாச நட்சத்திரப் பட்டியல். தொடக்கத்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கும். ஆனால் 9,110-இலும் நட்சத்திரமல்லாதவை இருக்கின்றன. சுமார் பத்து எண்கள் ஒருகாலத்தில் வெடித்துப் பிரகாசித்து மங்கிப்போன நோவாக்கள், சூப்பர்நோவாக்களுக்கு உரியவை. நான்கு எண்கள் நட்சத்திரக் கொத்துகளுக்கு உரியவை. எண்ணை எடுத்து வேறொன்றுக்குக் கொடுத்தால் பழைய கட்டுரைகளெல்லாம் தப்பாகிவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அது நல்ல முடிவு.

எச்.டி. என்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வானியலில் இன்றும் அதிகம் புழங்கும் எண்களில் ஒன்று இது. ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1872-இல் அபிஜித் நட்சத்திரத்தின் நிறமாலையைப் படமெடுத்தார். அதில் உறிஞ்சல் கோடுகள் தெரிந்தன. ஒரு நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடுகள் படத்தில் பதிந்தது அதுவே முதல்முறை. அவர் இளம் வயதில் இறந்த பிறகு அவருடைய மனைவி அன்னா பால்மர் டிரேப்பர் கொடுத்த பணத்தில் ஹார்வர்டில் எட்வர்டு பிக்கரிங் இந்த வேலையைத் தொடங்கினார். தொலைநோக்கியின் முகப்பில் முப்பட்டகத்தைப் பொருத்தினால் ஒரே கண்ணாடித் தகட்டில் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலைகள் ஒரே நேரத்தில் பதியும். வட வானத்துக்கு அமெரிக்காவிலிருந்தும் தென் வானத்துக்குப் பெருவின் அரகிபாவிலிருந்தும் தகடுகள் வந்தன. அவற்றைக் கையில் பெருக்காடியோடு பார்த்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகை பிரித்தவர் ஆன்னி ஜம்ப் கேனன். காது சரியாகக் கேளாதவர். பழகிய கண்ணால் நிமிடத்துக்கு மூன்று நட்சத்திரங்கள் வரை வகைப்படுத்துவார் என்பார்கள். 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த அந்தப் பட்டியலில் 2,25,300 நட்சத்திரங்கள். இந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை பெருகுகிறது. கணினி இல்லை, ஒவ்வொன்றும் ஒரு மனிதக் கண் பார்த்துச் சொன்ன தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எதைப் பற்றியது என்பதுதான் முக்கியம். நட்சத்திரத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதை அந்த எழுத்து சொல்லும். அது பேருருவமா, நம் சூரியனைப் போன்ற சாதாரண அளவா என்று அந்த மூலப் பட்டியலில் இருக்காது. அதற்கான வகைப்பாடு 1940-களில்தான் வந்தது. இடமும் தோராயமானதே, 1900-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆகவே எச்.டி. எண்ணைப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள இடத்தை வைத்துத் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். பெயராக அது எவ்வளவு வலுவாக ஊன்றிவிட்டது என்பதற்கு, 2019-இல் உலக வானியல் ஒன்றியத்தின் பெயர்சூட்டு முயற்சியில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டு, இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக பிபா என்று பெயர்பெற்ற நட்சத்திரமே சாட்சி. ஆய்வுக் கட்டுரைகளில் அது இன்றும் எச்.டி. 86081-தான்.

எஸ்.ஏ.ஓ. பட்டியல் பிறந்த கதை வேறு. 1957-இல் ஸ்புட்னிக் பறந்தது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்களை உலகெங்கும் நிறுத்தி வானத்தைப் படமெடுத்தார்கள். இந்தியாவில் நைனிடாலில் ஒன்று இருந்தது. படத்தில் செயற்கைக்கோளின் கோடு எந்தெந்த நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது என்று பார்த்தால் அதன் இடம் கிடைக்கும். அதற்கு வானம் முழுவதும் சீராகப் பரவிய நட்சத்திரங்களின் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஸ்மித்சோனியன் வானாய்வகம் பழைய பட்டியல்கள் பலவற்றைத் தொகுத்து 1966-இல் வெளியிட்ட 2,58,997 நட்சத்திரங்கள்தான் இது. கணினிமயமான தொலைநோக்கித் தாங்கிகளின் கையடக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இந்த எண்கள் ஏறியதால் நம்மைப் போன்றவர்களிடையே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆய்வுக்கு இதை இப்போது யாரும் நம்பி நிற்பதில்லை.

நம் ஊர்ப் பக்கமும் இந்தக் கதையில் இடம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நாம் பிறந்தநாளுக்குச் சொல்லும் 27 நட்சத்திரங்களே நோக்கத்தோடு செய்த ஒரு பட்டியல்தான். இன்றிரவு நிலவு எங்கே நிற்கிறது என்று சொல்ல அது போதும். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு யோகதாரையும், அதாவது அடையாள நட்சத்திரமும், அதன் இட அளவும் கொடுத்திருக்கிறார்கள். இதே நோக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு பட்டியல் செய்யப்பட்டது. நிலவு மறைக்கக்கூடிய நட்சத்திரங்களை மட்டும் தொகுத்து 1940-இல் அமெரிக்காவில் வெளியான ராசிமண்டலப் பட்டியல், 3,539 நட்சத்திரங்கள். அதில் ரோகிணிக்கு 692, மகத்துக்கு 1487, சித்திரைக்கு 1925, கேட்டைக்கு 2366. நிலவு மறைப்பைக் கவனித்து நேரம் குறிப்பவர்கள் இன்றும் இந்த எண்களைத்தான் சொல்கிறார்கள். திருவாதிரைக்கு அதில் எண் கிடையாது. நிலவின் பாதையிலிருந்து அது மிகவும் விலகி நிற்கிறது, நிலவு அதை மறைக்காது. ஜாதகத்தில் இடம் பெற்ற நட்சத்திரம் இந்தப் பட்டியலில் இடம் பெறவில்லை என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு நோக்கம் என்ற சொல்லின் பொருள் சட்டென்று புரிந்துவிடும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்திலிருந்து தாமஸ் கிளான்வில் டெய்லர் 1844-இல் 11,015 நட்சத்திரங்களின் இடங்களை வெளியிட்டார். கிரீனிச்சிலிருந்து பார்த்தால் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும் தென் வானத்தின் பெரும்பகுதி சென்னையின் 13 பாகை அட்சரேகையிலிருந்து தெரியும். அந்தப் பட்டியலின் பயன் அங்கேதான் இருந்தது. பின்னால் அங்கே வந்து முப்பது ஆண்டுகள் வேலை செய்து, 1891-இல் சென்னையிலேயே இறந்த நார்மன் பாக்சன்தான் நாம் இன்று பயன்படுத்தும் பொலிவெண் அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவர். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு. ஒரு படிக்கு 2.512 மடங்கு. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அந்த ‘ஆர்’ என்ற எழுத்துக்கும் ஒரு பட்டியல் மரபு உண்டு. ஜெர்மானிய வானியலாளர் ஆர்கெலாண்டர், ஒவ்வொரு கூட்டத்திலும் மாறும் நட்சத்திரங்களுக்கு ஆங்கில எழுத்து ஆர் முதல் இசட் வரை ஒதுக்கினார். அவை தீர்ந்ததும் இரட்டை எழுத்துகள், மொத்தம் 334 பெயர்கள். அதுவும் தீர்ந்ததும் வி335, வி336 என்று எண்ணத் தொடங்கினார்கள். என் வேலையே இந்தப் பெயர்களோடுதான். நான் தினமும் சொல்லும் பெயர் வரிசையில் முதல் எழுத்தைத் தாங்கி நிற்கும் ஒன்று நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஹைதராபாத்தும் உண்டு. 1887-இல் பாரிசில் கூடிய வானியலாளர்கள் வானத்தைத் துண்டுதுண்டாகப் பங்குபோட்டுக் கண்ணாடித் தகடுகளில் படமெடுப்பதென்று முடிவு செய்தார்கள். ஏறக்குறைய இருபது வானாய்வகங்கள் பங்கெடுத்தன. தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான பட்டையை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகம் ஏற்றுக்கொண்டு முடித்தது. மொத்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் நட்சத்திரங்கள் அளக்கப்பட்டன. முடிவதற்கே பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், காலாவதியான வேலை, வீண் உழைப்பு என்று பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் மிக மிக மெதுவாக நகர்கின்றன. அந்த நகர்வை அளக்க, பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் வேண்டும். 2000-இல் டைக்கோ-2 என்ற பட்டியல் 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிட்டபோது, ஒரு முனையில் செயற்கைக்கோள் அளவையும் மறுமுனையில் இந்தப் பழைய தகடுகளின் அளவுகளையும் வைத்தார்கள். ஒதுக்கப்பட்ட பட்டியல் உயிர்பெற்றது, எடுத்தவர்கள் நினைத்திராத ஒரு வேலைக்காக. பழைய பட்டியல்களை ஏன் தூக்கிப்போடக் கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி தவறுகள் நேரும் இடங்களுக்கு வருவோம். முதலாவது ஆண்டுக் குழப்பம். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறும் அயன சலனத்தால், நட்சத்திரங்களின் இடத்தைக் குறிக்கும் வானத்தின் ஆயக்கட்டங்களே ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நகர்கின்றன. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஐம்பது ஆண்டில் அது 42 கலை ஆகிவிடும், முழுநிலவின் அகலத்தைவிட அதிகம். அதனால் எந்த இட அளவோடும் எந்த ஆண்டின் ஆயக்கட்டம் என்று எழுதியிருக்கும். எஸ்.ஏ.ஓ. அச்சுப் பதிப்பு 1950-க்கானது, இன்றைய செயலிகள் பெரும்பாலும் 2000-க்கானவை. மாணவப் பருவத்தில் நூலகத்துப் பழைய தொகுதியிலிருந்து 1950-இன் எண்களை எடுத்து, 2000-இன் வரைபடத்தில் வைத்து, ஓர் இரவு முழுவதும் வேறொரு நட்சத்திரத்தை அளந்திருக்கிறேன். காலையில்தான் தெரிந்தது. இதோடு நட்சத்திரத்தின் சொந்த நகர்வு வேறு இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு அது பொருட்டல்ல. ஆனால் பர்னார்டு நட்சத்திரம் ஆண்டுக்குப் பத்து விகலைக்கு மேல் நகர்கிறது.

இரண்டாவது, நோக்கத்தை மறந்து நெடுவரிசையைப் படிப்பது. ஹப்பிள் தொலைநோக்கி ஒரு பக்கம் நோக்கி அசையாமல் நிற்க வழிகாட்டும் நட்சத்திரங்கள் தேவைப்பட்டன. அதற்காக 1989-இல் சுமார் 1 கோடியே 90 லட்சம் பொருட்கள் கொண்ட வழிகாட்டிப் பட்டியல் வந்தது. அதில் ஒளி அளவும் ஒரு நெடுவரிசையாக இருந்தது. தொடக்க காலத்தில் அதை நம்பி ஒரு மாறும் நட்சத்திரத்தின் ஒளியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்களின் அளவுகளிலிருந்து என்னுடையது அரைப் பொலிவெண்ணுக்குக் கிட்ட விலகி நின்றது. தவறு பட்டியலுடையதல்ல, என்னுடையது. ஒளியைத் துல்லியமாக அளந்ததாக அந்தப் பட்டியல் சொல்லவே இல்லை. கேமரா பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வெளிச்சமா என்று தெரிந்தால் அதற்குப் போதும்.

பெரிய எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதும் அப்படித்தான். 2003-இல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பழைய புகைப்படத் தகடுகளை வருடி உருவாக்கிய யு.எஸ்.என்.ஓ.-பி பட்டியலில் 104 கோடிக்கு மேல் பதிவுகள். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றித் தகட்டில் விழும் கதிர்க்கோடுகளையும் ஒளிவட்டங்களையும் கணினி நட்சத்திரமென்று எண்ணிவிட்டது. பின்னால் அதைச் சல்லடை போட்டுப் பார்த்தவர்கள் 2.3 சதவீதம், அதாவது சுமார் 2 கோடியே 40 லட்சம் பதிவுகள் போலி என்று காட்டினார்கள். அப்படியிருந்தும் அது பயனுள்ள பட்டியல்தான். மங்கலான நட்சத்திரங்களைத் தேடியவர்களுக்கு அன்று அதைவிட நல்லது இல்லை.

இப்போது தூரம். தூரத்தை நேரடியாக அளக்க மிகவும் நம்பகமான வழி இடமாறு தோற்றம். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரம் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் சற்றே ஆடும். எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு அருகில். எச்.ஐ.பி. என்பது இதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை 1989 ஆகஸ்டில் ஏவிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் பட்டியல். மேலே போனதும் அதன் உந்து மோட்டார் இயங்கவில்லை, திட்டமிட்ட பாதையை அடையவில்லை. இருந்தாலும் 1993 வரை வேலை வாங்கினார்கள். 1997-இல் 1,18,218 நட்சத்திரங்களின் பட்டியல் வந்தது, துல்லியம் விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் அகல நாணயத்தை ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு. அப்படியும் ஆயிரம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரத்தின் ஆட்டமே விகலையில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். மூன்றில் ஒன்று பிழை என்றால் தூரத்தில் முப்பது சதவீதம் ஆட்டம் காணும். சில நூறு ஒளியாண்டுக்குள் ஹிப்பார்க்கஸ் உறுதி. அதற்கப்பால் பிழை எல்லையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திருவாதிரையில் இன்னொரு சிக்கல். அது நட்சத்திரப் புள்ளி அல்ல, வட்டு. அதன் தோற்ற அகலம் விகலையில் ஆயிரத்தில் நாற்பது பங்குக்கு மேல், அளக்க வேண்டிய ஆட்டமோ ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கு. அதற்கும் மேல் அதன் பரப்பில் கொதித்து எழும் பெரும் கொப்புளங்களால் ஒளியின் மையம் இங்கும் அங்கும் நகர்கிறது. ஆடுவது பூமியாலா, கொதிப்பாலா என்று பிரிப்பது கடினம். நீங்கள் பார்த்த நான்கு எண்களும் இதிலிருந்து வந்தவைதான். 430 என்பது 1997-இன் ஹிப்பார்க்கஸ். 500 என்பது அதே தரவை 2007-இல் மறுபடி கணக்கிட்டது. 720 என்பது ரேடியோ தொலைநோக்கி அளவுகளை ஹிப்பார்க்கஸ் தரவோடு சேர்த்து 2017-இல் வந்தது. 550 என்பது நட்சத்திரத்தின் துடிப்பை மாதிரிக் கணக்கோடு பொருத்தி 2020-இல் சொன்னது. உறுதியாகச் சொல்லக்கூடியது, ஏறக்குறைய 400-க்கும் 900-க்கும் நடுவே என்பது மட்டும். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நான் 500 முதல் 700 வரை என்பேன். அது என் கணிப்பு, முடிந்த முடிவல்ல.

கையா வந்துவிட்டதே, அதில் பார்த்தால் தீராதா என்று அடுத்து கேட்பீர்கள். 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை அளந்த செயற்கைக்கோள் அது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் 181 கோடி பொருட்கள், அதில் 146 கோடிக்கு இடமாறு தோற்ற அளவு. மனிதர் செய்த பட்டியல்களிலேயே மகத்தானது என்று தயங்காமல் சொல்வேன். கார்த்திகைக் கொத்தின் தூரத்தில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. ஹிப்பார்க்கஸ் சுமார் 390 ஒளியாண்டு என்றது, மற்ற முறைகள் 440 என்றன. ரேடியோ அளவும், பிறகு கையாவும் 440-இன் பக்கமே நின்றன. எது சரி என்பது முடிந்துவிட்டது. ஹிப்பார்க்கஸ் அந்த ஒரு கொத்தில் ஏன் சறுக்கியது என்பதற்குத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. ஆனால் கையாவின் கண் மங்கலான நட்சத்திரங்களுக்காகச் செய்யப்பட்டது. பொலிவெண் 3-ஐவிடப் பிரகாசமானவற்றில் அது முழுமையற்றது, இருக்கும் பதிவுகளிலும் பிழை அதிகம். 181 கோடியை எண்ணிய பட்டியலிடம் திருவாதிரையின் தூரத்தைக் கேட்கப் போவதில் பயனில்லை. வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிபவற்றுக்கு ஹிப்பார்க்கஸ்தான் இன்னும் துணை. கையா எண்ணை எழுதும்போது எந்த வெளியீடு என்று சேர்த்தே எழுதுங்கள், வெளியீட்டுக்கு வெளியீடு சில எண்கள் மாறுகின்றன. நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஒரே பட்டியலாக்கினால் என்ன என்ற கேள்விக்குப் புனர்பூசத்தின் காஸ்டர் நல்ல பதில். சிறிய தொலைநோக்கியிலேயே அது இரண்டாகப் பிரியும். எச்.டி. பட்டியலில் அதற்கு 60178, 60179 என்று இரண்டு எண்கள். எச்.ஐ.பி. பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து 36850 என்று ஒரே எண். பக்கத்தில் மங்கலான மூன்றாவது ஒன்றும் அதே குடும்பம். மூன்றுமே தனித்தனியாக இரட்டை, ஆக ஆறு நட்சத்திரங்கள். இதில் ‘ஒன்று’ என்பது எது? நிறமாலையைப் பார்ப்பவருக்கு ஒரு விடை, இடத்தை அளப்பவருக்கு இன்னொரு விடை. இதைத் தீர்த்துவைத்த பிறகுதான் ஒரே பட்டியல் செய்ய முடியும், தீர்த்துவைப்பதே ஆராய்ச்சி. இதற்கு மாற்றாக பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத் தரவு மையம் சிம்பாட் என்ற தளத்தை நடத்துகிறது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் மற்ற எல்லாப் பெயர்களையும் காட்டும், இலவசம். அது பட்டியல் அல்ல, பட்டியல்களுக்கு நடுவே பாலம். அதில் ஓர் அளவைக் கண்டால் பக்கத்தில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் சொடுக்கிப் பாருங்கள்.

உங்களுக்கு நடைமுறையில் வேண்டியது குறைவுதான். குறிப்பேட்டில் பெயரோடு எச்.டி. அல்லது எச்.ஐ.பி. எண் ஒன்றை எழுதுங்கள், பார்த்த தேதியையும். தாங்கியில் தட்ட எஸ்.ஏ.ஓ. எண் கேட்டால் கொடுங்கள். மாறும் நட்சத்திரங்களில் ஆர்வம் வந்தால், ஒப்பீட்டு அளவுகளை அமெரிக்க மாறும் நட்சத்திர நோக்கர் சங்கம் தரும் வரைபடங்களிலிருந்து மட்டும் எடுங்கள், கிடைத்த பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பெயரை நட்சத்திரத்துக்கு வைப்பதாகச் சொல்லும் பதிவேடுகள் எதுவும் நான் மேலே சொன்ன எந்தப் பட்டியலிலும் சேராது.

ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் திருவாதிரையைப் பார்த்துவிட்டு அப்படியே வடகிழக்காகத் தொலைநோக்கியை நகர்த்தினால் காஸ்டர் கிடைக்கும். நூறு மடங்குப் பெருக்கம், காற்று அசையாத இரவு, இரண்டும் வாய்த்தால் அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் நடுவே ஒரு கருங்கீற்றோடு தனித்தனியாக நிற்கும். அதில் பிரகாசமானது 60179, மற்றது 60178.